ஏழு மலை ஏறியவர்

ஏப்ரல் 4, சனி. காத்மாண்டு

இந்த நோட்டு நாளைக்குப் புத்தகமா வரப் போகுது. அதனால எழுத்து கொஞ்சம் கண்ணியமா இருக்கோணும். சகலை குழந்தைவேலு போன வருசம் ஆப்பிரிக்காவுல ஒரு மலை ஏறிட்டு வந்து எம்பது பக்கத்துக்குப் புத்தகம் போட்டார். அதுல பாதி அவர் போட்டோ. நான் நூத்தியறுபது பக்கத்துக்குக் குறையாம போடறதா இருக்கேன்.

என்னைப் பத்தி: சென்னியப்பன், வயசு அம்பத்தி நாலு, கோயமுத்தூர் கணபதியில சென்னி வெட் கிரைண்டர் கம்பெனி. சகலைன்னா என் சம்சாரம் கோகிலவாணியோட தங்கச்சியைக் கட்டினவர். அவர் மலை ஏறினதுல இருந்து மாமனார் ஊட்டுல நிலைமையே மாறிப் போச்சு. விசேசத்துல அவரைக் கையைப் பிடிச்சு முதல் பந்திக்குக் கூட்டிட்டுப் போறாங்க. என்னைப் பார்த்து, "நீங்களும் வாங்க" அப்படிங்கறாங்க. அந்த "உம்" இருக்குது பாருங்க, அதுக்காகத்தான் நான் நேபாளத்துல நாம்லுங் ரி மலை ஏறப் போறேன். ஏழாயிரத்து நூத்தி இருபத்தாறு மீட்டர். சகலை ஏறினது ஆறாயிரத்துக்கும் கம்மி.

மலைக்குக் கூட்டிட்டுப் போற ஏஜென்சியோட விண்ணப்பத்துல "இதுக்கு முன்னாடி ஏறின மலைகள்" அப்படின்னு ஒரு கட்டம். "ஏழு மலை, பதினோரு தடவை" அப்படின்னு எழுதினேன். வெள்ளியங்கிரியில ஏழு மலை இருக்குதா இல்லையா? எங்க பக்கத்துல யாரைக் கேட்டாலும் "ஏழு மலை ஏறிட்டு வந்தேன்"னுதான் சொல்வாங்க. அதை இவங்க இமயமலையில ஏழு சிகரம்னு எடுத்துக்கிட்டா நான் என்ன பண்றது? (புத்தகத்துல இந்தப் பத்தி வேண்டாம்.)

ஏர்போர்ட்டுக்கு வந்த என் கைடு பேரு மிங்மார். முப்பத்தெட்டு வயசு, ஷெர்பா. என் பெட்டியை வாங்கிட்டு, "வாங்கண்ணா, சாப்டீங்களா?" அப்படிங்கறார். நான் திரும்பிப் பின்னாடி பார்த்தேன். திருப்பூர் பனியன் கம்பெனியில எட்டு வருசம் இஸ்திரி மேசையில நின்னவராம். என்னைவிடச் சுத்தமான கொங்குத் தமிழ். "மிங்மார்னா செவ்வாய்க்கிழமைங்க, அன்னிக்குப் பொறந்தேன்" அப்படின்னார். செவ்வாய்க்கிழமை எதையும் ஆரம்பிக்காதேன்னு எங்கம்மா சொல்லும். ஆனா முருகனுக்கு உகந்த நாளாச்சே. மனசைத் தேத்திக்கிட்டேன்.

ஏப்ரல் 9, வியாழன். வழியில் ஒரு டீக்கடை விடுதி

அஞ்சு நாளா நடக்கறோம். சாக்ஸ் துவைச்சேன், காயலை. மறுபடி துவைச்சேன், அதுவும் காயலை. இப்ப ரெண்டு ஜோடி ஈரம்.

கிரைண்டரைப் பத்தி எழுத மறந்துட்டேன். சிகரத்துல வெச்சுப் போட்டோ எடுக்கறதுக்கு ஒரு சின்ன மாடல் கொண்டு வந்திருக்கேன். உடம்பு அலுமினியம், கல்லு நெசக் கல்லு. மொத்தம் அஞ்சரைக் கிலோ. பிளாஸ்டிக் கல்லு வெச்சுக்கலாம்னு கம்பெனியில சொன்னாங்க. வாடிக்கையாளரை ஏமாத்தற வேலை நம்மகிட்ட ஆகாதுன்னு சொல்லிட்டேன்.

மிங்மார் அதைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்ணா, மலைக்கு யாராச்சும் கல்லு கொண்டு போவாங்களா?"

"விளம்பரமுங்க."

"பரவாயில்லைங்க, நான் தூக்கிக்கறேன்."

நல்ல மனுசன்.

சாயந்திரம் அடுப்புக்கிட்ட உக்காந்து, "ஏழு மலைன்னு பேப்பர்ல போட்டிருக்குதே, எந்தெந்த மலைங்கண்ணா?"ன்னு கேட்டார். "வரிசையா இருக்குமுங்க" அப்படின்னேன். "மூங்கில் தடி ஊனிட்டு ஏறுவாங்களே, அதுங்களா?" அப்படின்னார்.

எனக்கு டீ புரையேறிருச்சு.

"கம்பெனிப் பசங்களோட நானும் ரெண்டு தடவை ஏறியிருக்கேனுங்க. மேல குளிரும்னு சொல்லி எனக்கு ஒரு போர்வை கொடுத்தாங்க."

சிரிக்கலை. யார்கிட்டயும் சொல்லப் போறதாவும் தெரியலை. "பரவாயில்லைங்கண்ணா, பாத்துக்கலாம்" அப்படின்னுட்டு அடுப்புல விறகைத் தள்ளினார். (வேண்டாம்.)

ஏப்ரல் 14, செவ்வாய். அடிவார முகாம்

சித்திரைக் கனி. மாங்காய் இல்லை, வேப்பம்பூ இல்லை. ஊறுகாய்ப் பாக்கெட்டுல இருந்த ஒரு மாங்காய்த் துண்டைக் கழுவி, சக்கரை போட்டுப் பச்சடின்னு பேர் வெச்சேன். மிங்மார் ரசிச்சுச் சாப்பிட்டார். பத்து இத்தாலிக்காரங்க இருக்கற குழு ஒண்ணு பக்கத்துல கூடாரம் போட்டிருக்குது. அதுல ஒருத்தருக்குக் கொடுத்தேன். மரியாதைக்குக் கொஞ்ச நேரம் மென்னார்.

உயரம் நாலாயிரத்துத் தொள்ளாயிரம் மீட்டர். செருப்பு மாட்டினா மூச்சு வாங்குது. கொட்டாவி விட்டாக்கூட வாங்குது.

மத்தியானம் முகாம் மேனேஜர் டெண்டி எல்லாரையும் உக்கார வெச்சு விதிகளைச் சொன்னார். புதுசா ஏறறவங்களுக்குத் தலைக்கு ரெண்டு கைடு. ஒருத்தர் ஆளைப் பார்த்துக்குவார், ஒருத்தர் சுமையைப் பார்த்துக்குவார். அப்புறம் என்னைக் கையைக் காட்டி, "இவர் ஏழு மலை ஏறினவர். இவருக்கு ஒரு ஆளே அதிகம்" அப்படின்னார். எல்லாரும் கை தட்டினாங்க. இத்தாலிக்காரங்க எந்திரிச்சே தட்டினாங்க.

மிங்மார் என்னைப் பார்த்தார். நான் தட்டுல இருந்த மோமோவைப் பார்த்தேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

தலைவலி. கிரைண்டர் ஓடற சத்தம் மண்டைக்குள்ள. விளம்பரத்துக்கு ஆகாது.

ஏப்ரல் 20, திங்கள்

பனியில நடக்கறதுக்கு பூட்ஸுக்கு அடியில இரும்பு முள்ளுச் சட்டம் ஒண்ணு மாட்டோணும். அனுபவசாலிங்கற முறையில நானே மாட்டிக்கறேன்னு சொல்லிட்டேன். முள்ளு பின்னாடி வர்ற மாதிரி மாட்டி, ரெண்டு எட்டு வெச்சேன், மூணாவதுல இத்தாலிக்காரர் கூடாரத்துக்குள்ள போய் விழுந்தேன். அவர் உள்ள பல்லு தேய்ச்சுட்டு இருந்தார்.

டெண்டி ஓடி வந்தார். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள மிங்மார், "நான்தான் சட்டத்தை மாத்திக் கொடுத்துட்டேன்" அப்படின்னு நேபாளியில சொல்லிட்டார் போல. டெண்டி அவரைத் திட்டினார். நல்ல நீளமான திட்டு. மிங்மார் தலையைக் குனிஞ்சு கேட்டுக்கிட்டார்.

அப்புறம் பாறைக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போய், ஏறி இறங்கறது எப்படி, கயித்துல கொக்கி மாட்டறது எப்படின்னு ஆனா ஆவன்னாவுல இருந்து சொல்லிக் கொடுத்தார். சொல்லும்போது நடுவுல நடுவுல இருமினார். "சளியா?"ன்னேன். "பரவாயில்லைங்கண்ணா."

ஏப்ரல் 25, சனி

முகாம் ஒண்ணு வரைக்கும் போய் ஒரு ராத்திரி தங்கிட்டு இறங்கிட்டோம். உடம்பு பழகறதுக்கு இப்படிப் பண்ணுவாங்களாம். ஐயாயிரத்து எழுநூறு மீட்டர். மேல இருந்து பார்த்தா எல்லா மலையும் தெரியுது. நான் பார்த்ததென்னவோ என் பூட்ஸ் முனையைத்தான்.

ஏறும்போது என் மூட்டை, அவர் மூட்டை, கூடாரம், கயிறு, கிரைண்டர் எல்லாம் மிங்மார் முதுகுல. என்கிட்ட தண்ணி பாட்டில் இருந்துச்சு. பாதி வழியில அதையும் வாங்கிக்கிட்டார்.

மே 1, வெள்ளி. அடிவார முகாம்

காத்து அடங்கற வரைக்கும் சும்மா உக்காந்திருக்கோம். இங்க இண்டர்நெட் கிடைக்குது. குடும்ப குரூப்புல சகலை எழுதியிருக்கார்: "இன்னும் கீழதானா சகலை?" கூடவே சிரிக்கற மூஞ்சி மூணு. மாமனார் அதுக்குக் கட்டைவிரல் போட்டிருக்கார். மாமனாருக்குக் கட்டைவிரல் போடத் தெரியும்னே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்.

கோகிலா கூப்பிட்டா. "ஏனுங்க, உடம்பு நல்லாருக்குதா? கூட வர்ற பையன் நல்லாப் பாத்துக்கறானா?" பையன் இல்லை, கல்யாணம் ஆனவர், மரியாதையாப் பேசுன்னேன். "அவருக்கு ஒண்ணும் ஆகாமப் பாத்துக்குங்க"ன்னா. என்னைப் பாத்துக்கச் சொல்லாம அவரைப் பாத்துக்கச் சொல்றா. இவளுக்கு மலை ஏறறதைப் பத்தி ஒண்ணும் தெரியலை.

மிங்மாருக்கு இருமல் எச்சாயிருச்சு. சுக்கு, மிளகு, திப்பிலி தட்டிப் போட்டுக் கசாயம் வெச்சுக் கொடுத்தேன். குடிச்சதும் முகமெல்லாம் செவந்து போச்சு. "எப்படி இருக்குதுங்க?"

"பரவாயில்லைங்க."

பாருங்க, ஒரே டம்ளர்ல குணம் தெரியுது. (இது புத்தகத்துக்கு. தலைப்பு: இமயத்தில் நம் மருத்துவம்.)

மே 3, ஞாயிறு

நாளைக்கு மேல கிளம்பறோம். டெண்டி குறிச்ச நேரம் திங்கக்கிழமை காலை எட்டு மணி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. திங்கக்கிழமை ஏழரை ஒன்பது ராகு காலம். ஒன்பதுக்கு மேல போலாமேன்னா, வெயில் ஏறினா பனி இளகிரும், முடியாதுங்கறார். எட்டுக்குக் கிளம்பினா எனக்கு மனசு ஒப்பாது.

நம்ம வழக்கத்துலயே இதுக்கு வழி இருக்குது. பரஸ்தானம். கெட்ட நேரத்துக்கு முன்னாடியே நம்ம சாமான் ஒண்ணை வாசலைத் தாண்டி வெளிய கொண்டு போய் வெச்சுட்டா, நாமளே கிளம்பின கணக்கு. மிங்மாரைக் கூப்பிட்டு, கிரைண்டரை எடுத்துட்டு ஏழு மணிக்கே போய்ப் பனி ஆரம்பிக்கற இடத்துல நில்லுங்க, நான் எட்டு மணிக்கு வந்து சேர்ந்துக்கறேன்னு சொன்னேன். கீழ வைக்கக்கூடாது, வெச்சா அந்தப் பலன் போயிரும்னும் சொன்னேன்.

"திருப்பூர்ல எங்க மொதலாளியும் இதே மாதிரித்தானுங்க" அப்படின்னுட்டு ஒத்துக்கிட்டார்.

மே 4, திங்கள். முகாம் ஒண்ணு

பரஸ்தானம் நல்லபடியா முடிஞ்சுது.

பூட்ஸ் கயிறு அந்துபோய் நான் கிளம்பறதுக்குக் கொஞ்சம் தாமசம். போய்ச் சேரும்போது எட்டே முக்கால். மிங்மார் எல்லா மூட்டையையும் முதுகுல போட்டுட்டு, கிரைண்டரை மார்போட அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு, அந்தக் காத்துலயே ஒண்ணே முக்கால் மணி நேரம் நின்னிருக்கார். கீழ வைக்கவே இல்லை. புருவத்துல பனி. ஏதோ சொல்ல வாயெடுத்தார், இருமல்தான் வந்துச்சு.

ராகு காலத்துல சிக்காமத் தப்பிச்சோம்.

மே 5, செவ்வாய். முகாம் ரெண்டு

ஆறாயிரத்து முந்நூறு மீட்டர். சகலையைத் தாண்டிட்டேன்! இதை எழுதிட்டு ரெண்டு நிமிசம் படுத்துக்கிட்டேன், அவ்வளவு சந்தோசம்.

மிங்மார் இன்னிக்கு எனக்குப் பின்னாடி வந்து சேர்ந்தார். அவரை நான் முந்தறது இதான் முதல் தடவை. உடம்பு எனக்கு நல்லாப் பழகிருச்சு போல. கூடாரத்துக்குள்ள படுக்க மாட்டேங்கறார், உக்காந்தே இருக்கார். எப்படி இருக்குதுன்னு கேட்டேன். பரவாயில்லைன்னார். மறுபடி கேட்டேன். பரவாயில்லைன்னார்.

மூணாவது தடவை கேக்கலை.

மே 6, புதன். முகாம் ஒண்ணு

சாயந்திரம் கீழ முகாம் ஒண்ணுல உக்காந்து எழுதறேன். எழுத்துக் கோணலா இருக்கும்.

காலைல ஆறு மணிக்கு முகாம் ரெண்டுல வானம் துடைச்சு விட்ட மாதிரி. சிகரம் அதோ தெரியுது. இன்னொரு முகாம், அப்புறம் உச்சி. மிங்மார் விடிய விடிய உக்காந்தே இருந்திருக்கார். உதடு நாவப்பழம் தின்ன நிறம். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள்ள கொதிக்கற சத்தம்.

"எப்படி இருக்குதுங்க?"

"பரவாயில்லைங்கண்ணா. கிளம்பலாம்."

கிளம்பலாம்னு அவரே சொல்லிட்டார்னு நான் பூட்ஸை நீட்டினேன். ஆமா, நீட்டினேன். எனக்கு முள்ளுச் சட்டம் மாட்டி விடறதுக்காக அவர் குனிஞ்சார். இருமினார். வாயில இருந்து வந்தது பனியில விழுந்துச்சு. ரோஸ் மில்க் நுரை மாதிரி இருந்துச்சு.

காலை இழுத்துக்கிட்டேன். "மிங்மார், இங்க பாருங்க. அந்த வார்த்தையைச் சொல்லாமச் சொல்லுங்க. உடம்பு எப்படி இருக்குது?"

அவர் வாயைத் திறந்தார். வழக்கமா வர்ற வார்த்தை வந்து, தடைபட்டு நிக்கறது கண்ணுலயே தெரிஞ்சுது. ரொம்ப நேரம் தேடினார்.

"முடியலைங்கண்ணா" அப்படின்னார்.

ரேடியோவுல டெண்டியைக் கூப்பிட்டு, எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசுல சொன்னேன். அவருக்கு உடனே புரிஞ்சு போச்சு. நுரையீரல்ல தண்ணி சேர்ந்திருக்கும், கீழ இறக்கியே ஆகோணும், நேரமாக ஆக உயிருக்கு ஆபத்துன்னார். "முகாம் ஒண்ணுல இருக்கறவங்க எல்லாம் இத்தாலிக்காரங்களோட ஆளுங்க, அவங்க இன்னிக்கு மேல ஏறோணும். நீங்க ஏழு மலை ஏறினவராச்சே. கயித்துல கட்டி நீங்களே இறக்கிட்டு வந்துருங்க. உங்களால முடியும்."

ரேடியோ பொத்தானை அமுக்கின விரலை எடுத்தேன். அப்புறம் ரேடியோ பேட்டரி பத்து நிமிசம் மக்கர் பண்ணுச்சு.

இல்லை. பேட்டரி நல்லாத்தான் இருந்துச்சு. பத்து நிமிசம் நான் பேசலை. இந்த ரேடியோவுல பேசினா மலை மேல இருக்கற எல்லா முகாமுக்கும் கேக்கும். மலை ஏற வந்த பெங்களூர்க்காரங்க நாலு பேர் கீழ முகாம்ல இருக்காங்க, அதுல ஒருத்தருக்கு சகலையைத் தெரியும். நானே இறக்கிரலாம்னு எந்திரிச்சுக்கூடப் பார்த்தேன். கொக்கியை எந்தக் கயித்துல மாட்டறதுன்னு தெரியலை. அதை மாட்டி விடறவர் என் முன்னாடி உக்காந்து மூச்சுக்கு அடிச்சுக்கிட்டு இருக்கார். என் பத்து நிமிசத்துல அவர் உதடு இன்னும் கறுத்துப் போச்சு.

பொத்தானை அமுக்கினேன்.

"சார், ஏழு மலை கிடையாது சார். ஒரே மலை. அதுல ஏழு பாகம்."

ரேடியோ கரகரன்னுச்சு. "என்ன உயரம்?"

"ஆறாயிரம் சார்."

"ஆறாயிரம் மீட்டர் ஏறியிருக்கீங்கல்ல, அது போதுமே!"

"மீட்டர் இல்லீங்க சார். அடி."

எங்கேயோ ஒரு முகாம்ல யாரோ சிரிச்சாங்க. டெண்டி நேபாளியில ஒரு வார்த்தை சொன்னார். அர்த்தம் மிங்மாருக்குத் தெரியும், அவர் சொல்லலை. "அசையாதீங்க. ரெண்டு பேரும். உங்களுக்குன்னு வெச்ச ஆக்சிஜனை அவருக்கு மாட்டுங்க. தூங்க விடாதீங்க. ஆளை அனுப்பறேன்."

மாட்டினேன். முதுகைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டேன். தூங்க விடாம எதையாவது பேசோணும். அந்த நேரத்துல எனக்கு வாயில வந்தது ஒண்ணே ஒண்ணுதான், கிரைண்டர் டெமோ. "கல்லு சுத்தற வேகம் அளவா இருக்குமுங்க, மாவு சூடாகாது. உளுந்து ஒரு பங்கு போட்டா நல்லாப் பொங்கி வருமுங்க. மோட்டாருக்கு அஞ்சு வருசம் வாரண்டிங்க." அழுதுக்கிட்டே ரெண்டு மணி நேரம் டெமோ கொடுத்தேன். நடுவுல ஒரு தடவை முகமூடியை விலக்கிட்டு, "அண்ணா, எனக்கு வேண்டாமுங்க" அப்படின்னார். உயிர் இருக்குதுன்னு எனக்கு அப்பத்தான் தெம்பு வந்துச்சு.

முகாம் ஒண்ணுல இருந்து இத்தாலிக்காரங்களோட ஆளுங்க மூணு பேர் வந்தாங்க. ரெண்டு பேர் மிங்மாரைக் கட்டி இறக்கினாங்க. மூணாவது ஆள் என்னை இறக்கினார். நான் பெரும்பாலும் உக்காந்த வாக்குலயே வந்தேன். வழியில பனி விரிசல் ஒண்ணைத் தாண்டும்போது அந்த மூணாவது ஆள் ஒரு கால் உள்ள போய்த் தொங்கி, மேல ஏறி வந்தார். என்னைத் திட்டக்கூட இல்லை. பேரு கேட்டேன், மூச்சு வாங்கினதுல சொன்னது காதுல விழலை. இத்தாலிக்காரங்க பத்துப் பேரும் இன்னிக்கு ஏறலை.

கிரைண்டர் மேலேயே இருக்குது.

மே 7, வியாழன்

முகாம் ஒண்ணுக்கே ஹெலிகாப்டர் வந்து மிங்மாரைத் தூக்கிட்டுப் போச்சு. எனக்கும் இடம் இருக்குதுன்னாங்க, ஏறிக்கிட்டேன். டெண்டி ரேடியோவுலகூட என்கிட்ட பேசலை.

மே 9, சனி. காத்மாண்டு

ஆஸ்பத்திரி. மிங்மாருக்கு அபாயம் தாண்டிருச்சு. இன்னும் ரெண்டு மணி நேரம் தாமசம் ஆயிருந்தா கஷ்டம்னு டாக்டர் சொன்னார். அதுல என் பத்து நிமிசத்தை நான் சொல்லலை. மறுபடி மலை ஏறலாமான்னு ஆறு மாசம் கழிச்சுத்தான் சொல்ல முடியுமாம்.

குடும்ப குரூப்புக்கு விசயம் போயிருச்சு. "அடியா சகலை?" அப்படின்னு குழந்தைவேலு கேட்டிருக்கார். அதுக்குக் கீழ முப்பத்தாறு பேர் சிரிச்சிருக்காங்க. மாமனார் கட்டைவிரல் போட்டிருக்கார். ஆச்சரியம், எனக்கு ஒண்ணும் உறைக்கலை. படிச்சேன், போனை வெச்சுட்டேன்.

ஆரஞ்சு உரிச்சுக் கொடுத்துட்டு மிங்மாரைக் கேட்டேன். "உங்களுக்கு முதல்லயே தெரியும், எனக்கு மலை ஏறத் தெரியாதுன்னு. டெண்டிகிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா உங்களைத் திருப்பி அனுப்பிருவாங்க. எனக்கும் இந்த சீசன் வேலை இல்லாமப் போயிருமுங்க."

"உடம்பு முடியலைன்னாவது சொல்லியிருக்கலாம்ல? நானும் எத்தனை தடவை கேட்டேன்!"

"திருப்பூர்ல முதல் நாளே கத்துக்கிட்ட வார்த்தைங்கண்ணா அது. சூப்பர்வைசர் வந்து, இன்னொரு ஷிப்ட் நிக்கறியா, முடியுமான்னு கேப்பாரு. பரவாயில்லைன்னு சொன்னா அவருக்கு சந்தோசம். வேற என்ன சொன்னாலும் நாளைக்கு வரவேண்டாம்பாரு. மொதலாளிங்க கேட்டா சொல்ற பதில்னு அதை வெச்சுக்கிட்டேனுங்க."

எங்க கம்பெனியில அறுபது பேர் வேலை செய்யறாங்க. தினமும் காலைல ஒரு சுத்து வந்து எல்லாரையும் எப்படி இருக்கீங்கன்னு கேப்பேன். எல்லாரும் பரவாயில்லைங்கன்னுதான் சொல்வாங்க. சந்தோசமா இருக்காங்கன்னு நினைச்சுட்டு ரூமுக்குப் போய்க் காபி குடிப்பேன்.

மே 10, ஞாயிறு. காத்மாண்டு

மிங்மாரோட சம்சாரம் யாங்ஜி இன்னிக்குக் கிராமத்துல இருந்து வந்தாங்க. மூணு நாள் நடை, ஒரு நாள் பஸ். வர்றாங்கன்னு தெரிஞ்சதும், லாட்ஜ்காரர்கிட்டக் கேட்டு நேபாளியில ஒரு வாக்கியம் மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தேன், "என்னை மன்னிச்சுக்குங்க"ன்னு. அவங்க நேபாளியில திட்டுவாங்க, நமக்குப் புரியாது, தலையைக் குனிஞ்சு நின்னுட்டு வந்திரலாம்னு கணக்கு.

வார்டு வாசல்ல நின்னு அந்த வாக்கியத்தைச் சொன்னேன். உள்ள புருசன்கிட்டப் பேசிட்டு இருந்தவங்க வாசலுக்கு வந்து முழுசாக் கேட்டாங்க.

"தமிழ்லயே சொல்லுங்க. நானும் திருப்பூர்தானுங்க, பனியன் செக்கிங்ல ஆறு வருசம்."

நான் போட்ட கணக்குப் போச்சு.

"ஏனுங்க, உங்களுக்கு வயசு என்னங்க?"

"அம்பத்தி நாலுங்க."

"ஏழுன்னு நினைச்சேன். ராகு காலம்னு சொல்லிக் கையில கல்லைக் கொடுத்து நிக்க வெச்சீங்களாமா? இருமறவருக்குக் கசாயம் ஊத்தினீங்களாமா? ஏனுங்க, அறிவுங்கறது கொஞ்சமாச்சும் வேண்டாமுங்களா?" ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு "ங்க" போட்டுத் திட்டறாங்க. மரியாதை இல்லாமத் திட்டியிருந்தாக்கூட இந்த எரிச்சல் எரிஞ்சிருக்காது. பக்கத்துக் கட்டில் நோயாளி பாஷை புரியாமயே எந்திரிச்சு உக்காந்துட்டார்.

"சரி, அதை விடுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவரு செத்துப் போயிருந்தா எங்கூட்டுக்கு வந்திருப்பீங்களா?"

"கண்டிப்பா வந்திருப்பேன் அம்மணி."

"வந்து என்ன சொல்லியிருப்பீங்க?"

நான் கட்டில்ல இருந்த மிங்மாரைப் பார்த்தேன்.

"சொல்லிக் காட்டுங்க. இதுதான் எங்கூட்டுக் கதவு." வார்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்திட்டாங்க. நான் வராந்தாவுல நிக்கறேன். நர்சம்மா ஒருத்தர் என்னை ஒரு மாதிரி பார்த்துட்டுப் போறாங்க. உள்ளே சத்தமே இல்லை. தட்டாம விட மாட்டாங்கன்னு புரிஞ்சுது. தட்டினேன். திறந்தாங்க. யாரோ ஆளைப் பார்க்கற மாதிரி நிக்கறாங்க.

"யாருங்க?"

"அம்மணி, நான் கோயமுத்தூருங்க, சென்னி கிரைண்டர்..."

"அது எனக்கு எதுக்குங்க? எம் புருசன் எங்க?"

நான் ஒரு எட்டுப் பின்னாடி போனேன். கதவைச் சாத்திட்டாங்க. கட்டில்ல இருந்து மிங்மார், "விடு யாங்ஜி" அப்படின்னு சொல்றது கேட்டுச்சு. விடலை.

மறுபடி தட்டினேன். திறந்தாங்க. "மலைல ஒரு விபத்துங்க" அப்படின்னேன்.

"விபத்துங்களா?"

இல்லைன்னு தலையை ஆட்டினேன். சாத்திட்டாங்க.

மூணாவது தடவை தட்டறதுக்கு முன்னாடி கோர்வையா யோசிச்சுப் பார்த்தேன், எங்க இருந்து ஆரம்பிச்சாலும் ஒரே இடத்துல போய்த்தான் முடியுது. தட்டினேன். திறந்தாங்க.

"அவரு எதுக்காகச் செத்தாருங்க?"ன்னு கேட்டாங்க. இந்தத் தடவை குரல்ல கோபம் இல்லை. நெசமாவே கேட்டாங்க. கட்டில்ல மிங்மார் உயிரோட உக்காந்திருக்கறது அவங்க தோளுக்குப் பின்னாடி எனக்குத் தெரியுது.

"எங்க சகலை ஆப்பிரிக்காவுல ஒரு மலை ஏறினாருங்க" அப்படின்னேன்.

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்லீங்க. அவ்வளவுதானுங்க."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதானுங்க."

என் முகத்தையே பார்த்துட்டு நின்னாங்க. கதவைச் சாத்தலை. திரும்பிப் போய்ப் புருசன் கட்டில்ல உக்காந்து, அவர் கையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டாங்க. உள்ள வாங்கன்னும் சொல்லலை, போங்கன்னும் சொல்லலை. பார்வையாளர் நேரம் முடியற வரைக்கும் நான் வாசல்லயே நின்னேன்.